சூறாவளிப் பருவமும் பெற்றோரின் மருந்துப் பெட்டியும்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்டனில் மருந்தாளுநராகப் பணியாற்றும் எனக்கு ஆண்டுதோறும் மே மாத இறுதியில் ஒரு கவலை வந்துவிடும். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 அன்று தொடங்கி நவம்பர் 30 வரை நீடிக்கிறது. பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோர் பலர் இங்கே தங்கியிருப்பதும் ஏறக்குறைய இதே மாதங்களில்தான். தண்ணீர், டார்ச், பேட்டரி என எல்லாவற்றையும் வாங்கி அடுக்கும் வீடுகளில்கூட, பெற்றோர் கொண்டுவந்த மருந்துகளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

2024 ஜூலை 8 அதிகாலையில் பெரில் சூறாவளி டெக்சஸ் கடற்கரையிலுள்ள மாட்டகோர்டா அருகே கரையைக் கடந்தது. ஐந்து வகைகளில் வலிமை மிகக் குறைந்த முதல் வகைச் சூறாவளிதான் அது. ஆனாலும் ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன, சில வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த வாரத்தில் ஒருவர் தம் தாயாரின் மாத்திரை அட்டைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். கூரை பெயர்ந்து மழைநீர் இறங்கியதில் மற்ற மருந்துகள் எல்லாம் நனைந்துவிட்டன. கத்தரித்து வாங்கிய அந்த அட்டையிலோ வணிகப் பெயரின் பாதி எழுத்துகளே எஞ்சியிருந்தன. ஊரிலுள்ள மருந்துக்கடையைத் தொலைபேசியில் பிடித்து, மருந்து இன்னதென்று அறிந்து, இங்குள்ள மருத்துவரிடம் சீட்டு வாங்கி, மாத்திரை அந்த அம்மாவின் கைக்குப் போய்ச் சேர இரண்டு நாள்கள் ஆயின.

இந்திய மருத்துவர் எழுதிய சீட்டைக் கொண்டு நாங்கள் மருந்து கொடுக்க இயலாது என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. வணிகப் பெயர்கள் மாறுவது ஒருபுறமிருக்க, மருந்தின் மூலப் பெயரே (generic name) சிலவற்றுக்கு இங்கே வேறு: பாராசிட்டமால் இங்கே அசிட்டமினோஃபென், ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இங்கே ஆல்பியூட்டரால், சர்க்கரை மாத்திரையான கிளிபென்கிளமைடு இங்கே கிளைபியூரைடு. ஊரில் சர்க்கரை நோய்க்குப் பரவலாக எழுதப்படும் வில்டாகிளிப்டினும் கிளிக்ளசைடும் அமெரிக்காவில் விற்பனையிலேயே இல்லை. அவற்றுக்கு மாற்று எது என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். எனவே பெற்றோர் வந்து இறங்கிய வாரத்திலேயே ஒவ்வொரு மருந்தின் மூலப் பெயர், அளவு, உண்ணும் நேரம் ஆகியவற்றைத் தாளில் எழுதி, அட்டைகளின் இரு பக்கங்களையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். மருந்துகளை ஒரே பெட்டியில் வைக்காமல் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை நீர் புகாத பையில் போட்டு, கிளம்பும்போது கையோடு எடுக்கும் பையில் வையுங்கள்.

இன்சுலினுக்குத் தனிக் கவனம் தேவை. மின்சாரம் நின்றபின், திறக்காத குளிர்பெட்டி ஏறக்குறைய 4 மணி நேரமே குளிர்ச்சியைக் காக்கும். பெரும்பாலான இன்சுலின் வகைகள் 30 டிகிரி செல்சியஸுக்கு உட்பட்ட வெப்பத்தில் சுமார் 28 நாள்கள் தாங்கும். ஆனால் ஜூலை மாதத்தில், குளிரூட்டி ஓடாத ஹூஸ்டன் வீடு அந்த அளவை எளிதில் தாண்டிவிடுகிறது. ஊர் வழக்கப்படி மண்பானைக்குள் வைக்கலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். மதுரையின் வறண்ட வெயிலில் பானை நன்றாகக் குளிர்விக்கும்; ஈரப்பதம் மிகுந்த இந்த ஊர்க் காற்றில் நீர் எளிதில் ஆவியாகாததால் அதை நம்ப முடியாது. ஐஸ் பெட்டியே நல்லது. ஆனால் மருந்து பனிக்கட்டியைத் தொடாதபடி துண்டில் சுற்றி வையுங்கள், ஏனெனில் ஒருமுறை உறைந்த இன்சுலின் பயன்படாது.

இரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் மாத்திரை) உண்பவர்களுக்கு, வீடு வெப்பமாகும்போது உடல் விரைவாக வறண்டுவிடும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. மின்வெட்டின்போது என்ன செய்வது என்று முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். ஆக்சிஜன் கருவி போன்றவற்றை நம்பியிருப்பவர்கள் 211 என்ற எண்ணை அழைத்து டெக்சஸ் மாநில அவசர உதவிப் பதிவேட்டில் பெயர் சேர்க்கலாம், ஆனால் அந்தப் பதிவு உதவி வந்தே தீரும் என்பதற்கான உறுதி அன்று. ஜெனரேட்டரைக் கராஜில் வைக்கவே கூடாது. வெளியே, சன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள், ஏனெனில் அது கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

மின்சாரம் உடனே வராது என்று தெரிந்தால், மின்சாரம் உள்ள நண்பர் வீட்டுக்குப் பெற்றோரை அழைத்துச் செல்வதே சிறந்தது என்பது என் கருத்து. "அடுத்தவர் வீட்டில் போய் எப்படித் தங்குவது?" என்று அவர்கள் தயங்குவார்கள். ஆகவே எந்த வீடு என்பதை ஜூன் மாதத்திலேயே முடிவு செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே விருந்துக்கு அழைத்துச் சென்று பழக்கிவிடுங்கள்.