சீரியல் போர்ட்: துறையா, வாயிலா?

கணினியில் கேபிள் சொருகித் தகவலை வரிசையாக அனுப்பவும் வாங்கவும் இருக்கும் இடம்தான் சீரியல் போர்ட். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே கேள்வி. அந்தப் பெயரின் இரண்டு பாதிகளும் லத்தீனில் பிறந்து ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தவை. 'செரெரே' என்றால் கோத்தல். அதிலிருந்து சீரீஸ், அதிலிருந்து சீரியல். இந்தப் பாதி தமிழில் எப்போதோ குடியேறிவிட்டது. டிவியில் ஓடுவது சீரியல், ரசீதில் இருப்பது சீரியல் நம்பர், ஊட்டி மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கட்டுவது சீரியல் செட். ஒன்றன்பின் ஒன்றாக வருவது என்ற பொருள் எல்லாவற்றிலும் உண்டு. நம்முடைய 'சரம்' என்ற சொல்லோடு இதை முடிச்சுப் போடத் தோன்றும். வேண்டாம், ஒலி ஒத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கணினியிலும் அதே பொருள்தான். ஓர் எழுத்தின் எட்டு பிட்களை, அதாவது 0, 1 குறிகளை, எட்டுக் கம்பிகளில் ஒரே நேரத்தில் அனுப்பினால் பேரலல். தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் இலை மூட்டையோடு ஆட்கள் இறங்குவதுபோல ஒரே கம்பியில் வரிசையாக அனுப்பினால் சீரியல். இதற்கான ஆர்.எஸ்.-232 தரம் அமெரிக்காவில் 1960இல் வந்தது. தொடக்கத்தில் 25 பின் (ஊசி போன்ற முனை) கொண்ட பெரிய இணைப்பி. 1984இல் ஐபிஎம் ஏ.டி. கணினியோடு 9 பின் கொண்ட சிறிய வடிவம் பரவியது. கணினிப் பக்கத்தில் 2ஆம் பின் வரவு, 3ஆம் பின் செலவு, 5ஆம் பின் பொதுக் கம்பி. ஓட்டப் பந்தயத்தில் நேரம் குறிக்கும் டைமரை லேப்டாப்போடு இணைக்கப் பெரும்பாலும் இந்த மூன்றே போதும்.

சிக்கல் இரண்டாம் பாதியில்தான். லத்தீனில் 'போர்ட்டுஸ்' என்றால் துறைமுகம், 'போர்ட்டா' என்றால் வாயில். ஆங்கிலத்தில் இரண்டுமே போர்ட் என்று ஆகிவிட்டன. கணினியில் இருப்பது வாயில் வழி வந்த போர்ட். தமிழில் 'தொடர் துறை' என்று எழுதுகிறவர்கள் துறைமுகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அதைத் தவறு என்று ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. ஆற்றில் இறங்கும் இடமே பழைய தமிழில் துறை. படித்துறை, நீர்த்துறை எல்லாம் அந்தப் பொருளில் வருபவை. உள்ளே போகவும் வெளியே வரவும் ஓர் இடம் என்ற அளவில் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் இன்றைக்குத் 'தொடர் துறை' என்றால் பொதுப்பணித் துறைக்குப் பக்கத்து அலுவலகம் போலக் கேட்கிறது.

வாயிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. திருக்குறளின் ஆறாவது குறளில் ஐம்புலன்களின் வழிகளைப் 'பொறிவாயில்' என்கிறார் வள்ளுவர். வெளியே நடப்பது உள்ளே வந்து சேரும் வழி வாயில். அகப்பாடல் மரபில் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே சொல்லைக் கொண்டுபோகும் பாணன், பாங்கன் போன்றோரையும் வாயில்கள் என்பார்கள். செய்தி வந்து போகும் இடத்துக்கு இதைவிடப் பழக்கமான சொல் வேறு வேண்டுமா? ஆகவே என் ஓட்டு 'தொடர்வாயில்' என்பதற்கு.

இதற்கு நடைமுறைக் காரணமும் ஒன்று இருக்கிறது. ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்தில் தடகளப் போட்டி நடக்கும்போது டைமிங் மேசைப் பக்கம் நின்று பாருங்கள்.

"சார், போர்டு போயிடுச்சு!"

"எது தம்பி? நேரம் காட்டுற போர்டா, லேப்டாப் போர்ட்டா?"

பேச்சில் இரண்டும் ஒன்றுதான். மூடுபனி இறங்கி, அடுத்த ஹீட்டுக்கு, அதாவது தகுதிச் சுற்றுக்கு, பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது இந்த ஒரு கேள்விக்கே நேரம் போகும். "வாயில் போயிடுச்சு" என்றால் குழப்பம் இல்லை. கேட்பவர்கள் முதல் முறை சிரிப்பார்கள், சரி, சிரிக்கட்டும்.

அந்த மேசையில் தொடர்வாயில் ஒன்று போதாது. டைமருக்கு ஒன்று, நேரப் பலகைக்கு ஒன்று, காற்றுமானிக்கு இன்னொன்று. 100 மீட்டர் ஓட்டத்தில் பின்காற்று நொடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் சேராது என்பதால் காற்றுமானியை விட முடியாது. இன்றைய லேப்டாப்களிலோ பெரும்பாலும் 9 பின் வாயில் ஒன்றுகூட இல்லை. யுஎஸ்பியில் சொருகினால் 9 பின் வாயில் தரும் கன்வர்ட்டர் வாங்கிக் கூட்டிக்கொள்கிறோம். நான்கு வாயில் கொண்ட ஒரே பெட்டியாகவும் கிடைக்கும். எதை வாங்கினாலும் கூடவே ஒன்று உபரியாக வைத்துக்கொள்ளுங்கள், போட்டியன்று காலையில் கேபிள் தேடிக் கோவைக்கு மலை இறங்க முடியாது.

கன்வர்ட்டர் வந்த பிறகு அந்தச் சொல்லின் பொருளும் இரண்டாகப் பிரிந்துவிட்டது. கையால் சொருகுகிற 9 பின் வாய் ஒன்று. விண்டோஸ் அதற்குக் கொடுக்கும் காம் 5, காம் 6 என்ற எண் இன்னொன்று. மென்பொருள் எண்ணை மட்டுமே பார்க்கும். எஃப்டிடிஐ சிப் உள்ள கன்வர்ட்டர்கள் பெரும்பாலும் தனி அடையாள எண்ணோடு வரும். அவற்றை எந்த யுஎஸ்பியில் சொருகினாலும் பழைய காம் எண்ணே திரும்பும். சிஎச்340 போன்ற வேறு சிப் உள்ளவற்றை இடம் மாற்றிச் சொருகினால் புதிய எண் விழும், டைமர் 'காணாமல்' போகும். இந்த எண்-வாயிலை 'மெய்நிகர் தொடர்வாயில்' எனலாம்.

நேரக் கணக்கிலும் இந்த வேறுபாடு முக்கியம். 9600 பாட் வேகத்தில், அதாவது நொடிக்கு 9600 பிட் போகும்போது, ஓர் எழுத்துக்குத் தொடக்க, நிறுத்த பிட்களையும் சேர்த்துப் பத்து பிட் என்றால், நொடிக்கு 960 எழுத்துகள். இருபது எழுத்து கொண்ட ஒரு நேர வரி வந்து சேரவே ஏறக்குறைய 21 மில்லி நொடி ஆகும். எஃப்டிடிஐ கன்வர்ட்டரை இயக்கும் டிரைவர் மென்பொருள் அதற்கு மேல் 16 மில்லி நொடி வரை தேக்கி வைத்து அனுப்பும். அது இயல்பு அமைப்பு, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் 1 மில்லி நொடி வரை குறைக்கலாம். டைமரே நேரத்தைக் குறித்து அனுப்பினால் இந்தத் தாமதத்தால் ஒன்றும் கெடாது, எழுத்து சற்றுப் பிந்தி வரும், எண் சரியாகவே இருக்கும். வரி வந்து சேர்ந்த கணத்தை லேப்டாப் குறித்துக்கொள்ளும்படி வைத்தால்தான் வம்பு. ஓட்ட நேரத்தைக் கணக்கிடும் நூறில் ஒரு பங்கு நொடி என்பது 10 மில்லி நொடிதானே.

பழைய டைமிங் மென்பொருள்கள் சில காம் 9க்கு மேல் ஏற்காது. அதே டிவைஸ் மேனேஜரில் எண்ணைக் குறைத்துவிட்டு, கன்வர்ட்டர் மேலேயே டேப் ஒட்டி, வாயில் 5 டைமர், வாயில் 6 பலகை, வாயில் 7 காற்று என்று எழுதிவிடலாம்.