செங்கல்லுக்குப் பின்னால் நிற்கும் மரம்

ரொறன்ரோப் பக்கம் வீடு வாங்க வருகிற எங்கட ஆக்கள் முதலில் சுவரைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். "அண்ணை, உள்ளுக்குக் கோதாக் கிடக்கு. உது தாங்குமோ?"

தாங்கும். புறநகர்ப் புது வீடுகளில் வெளியே தெரியும் செங்கல் பெரும்பாலும் போர்வைதான். கூரையையும் மாடியையும் சுமப்பது உள்ளே 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரச்சட்டங்கள்.

வீட்டுப் பரிசோதகனாகச் சொல்கிறேன்: சாதாரணக் குடும்பத்தின் கைக்கெட்டும் விலையில் இந்தக் குளிருக்கு இதைவிடத் தோதான முறை எனக்குத் தெரியாது. கொங்கிரீட் கடத்தும் வெப்பத்தில் பத்திலொரு பங்கைத்தான் மரம் கடத்தும். அதோடு 'டூ பை சிக்ஸ்' (பெயரளவில் 2க்கு 6 அங்குல) சட்டங்களுக்கு நடுவே ஐந்தரை அங்குல ஆழத்துக்கு வெப்பக்காப்புப் பஞ்சு அடைக்கலாம். அதே தடிப்பில் வெறும் செங்கல் சுவர் என்றால் ஜனவரியில் ஹீட்டர் ஓயாது. கட்டுவதும் சுலபம், உறைபனியில் கொங்கிரீட்டைப் போர்த்திச் சூடு காட்ட வேண்டும், மரத்தை ஆணியடித்து நிமிர்த்திவிடலாம். பிறகு வயர் இழுக்கவும் உட்சுவரை மூடியிருக்கும் ஜிப்சம் பலகையில் ஒரு துண்டு வெட்டினால் போதும். தீப்பிடித்தால்? அந்த ஜிப்சத்துக்குள் இருக்கும் நீர் ஆவியாகி முடியும்வரை மரம் சூடேறுவது தாமதிக்கும். நிலவறைக் கூரையைப் பலகை போடாமல் வெறுமையாக விட்டால் அந்த அவகாசம் இல்லை.

மரத்துக்கு உண்மையான எதிரி ஈரம். சட்டங்களில் 'எஸ்-டிரை' என்று முத்திரை இருக்கும். அறுத்துச் சீவும்போது ஈரப்பதம் 19 சதவீதத்தைத் தாண்டவில்லை என்று பொருள். அப்படிக் காய்ந்த மரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் நாங்கள்தான். கீழ்வரிசைச் செங்கல்களுக்கு நடுவே ஆங்காங்கே சாந்து பூசாத இடுக்குகள் தெரியும். கொத்தன் மறந்ததல்ல. செங்கல்லை ஊடுருவும் மழைநீர் பின்னாலிருக்கும் ஓரங்குல இடைவெளியில் வடிந்து, அவ்வழியாகத்தான் வெளியேறும். எறும்பு வருகிறதென்று அதற்குள் சிலிக்கன் பீச்சிய வீடுகளை அடிக்கடி காண்கிறேன். ரோசாச்செடி வைக்க மண்ணை உயர்த்தி மூடியவர்களும் உண்டு. தண்ணீர் உள்ளேயே தேங்கினால் அடிச்சட்டம் உளுத்துப்போகும். வெளியே செங்கல் புதிதுபோலவே இருக்கும்.

இன்னொன்று நிலவறைக் குளியலறை. குழாய் போக இடமில்லையென்று மாடியைத் தாங்கும் உத்தரத்தின் அடி விளிம்பை வெட்டுகிறார்கள். பாரத்தை இழுத்துப் பிடிப்பதே அந்த விளிம்புதான். குழாயை வேறு வழியால் கொண்டுபோகச் சொல்லுங்கள். சமையலறைச் சுவரை எடுப்பதென்றால் அது பாரம் சுமக்கிறதா என்று பொறியியலாளரிடம் கேட்டு, மாநகரசபை அனுமதி எடுத்தபிறகு சுத்தியலைத் தூக்குங்கள்.