சாரல் முடிந்ததும் காணாமல் போகிறவர்கள்

வைகாசியில் என் அறைக்கு ஒழுங்காக வந்து போகிறவர்களில் பலரை ஆவணியில் பார்க்க முடிவதில்லை. செங்கோட்டையில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கும் எனக்கு இது ஆண்டுதோறும் பழகிய கதை. கோடையில் முழங்கால் வலியோடும் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டோடும் வந்து, சொன்னதைக் கேட்டு இரண்டு மூன்று கிலோ குறைத்திருப்பார்கள். ஆனி பிறந்ததும் மலையில் சாரல் தொடங்கும். குற்றாலத்தில் குளிக்க வேண்டும் என்று மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் உறவினர்கள் வந்து இறங்குவார்கள். அவர்களைப் பிரானூர் பார்டருக்குப் புரோட்டா சாப்பிட அழைத்துப் போகாமல் ஊருக்கு அனுப்பினால் அது மரியாதைக் குறைவு. (1956-இல் மாநில எல்லை புளியரைக்கு அப்பால் போய்விட்டது. ‘பார்டர்’ என்ற பெயரும் புரோட்டாவும் மட்டும் இங்கேயே தங்கிவிட்டன.) விருந்தாளிகள் கிளம்புவதற்குள் ஓணம் வந்துவிடும். புனலூரில் சம்பந்தி வீடு இருந்தால் இலை நிறையச் சத்யா விருந்து, இரண்டு வகைப் பாயசம், திரும்பும்போது கையில் ஒரு பை நேந்திரங்காய் சிப்ஸ்.

இந்த மாதங்களில் எடை கூடுவது எனக்குப் பெரிய கவலை இல்லை. ஆள் வராமல் போவதுதான் கவலை. போனில் கேட்டால், “அடுத்த வாரம் வருகிறேன் மேடம், கொஞ்சம் குறைத்துவிட்டு வருகிறேன்” என்று பதில் வரும். எடை குறைக்க வழி சொல்பவரைப் பார்ப்பதற்கு முன்பே எடையைக் குறைத்துவிட வேண்டும் என்று தோன்றும் அளவுக்கு வெட்கம்! பாதியில் விட்டவர்கள் என்று நான் அறிந்தவர்களில் பெரும்பாலோர் விருந்தில் சாப்பிட்டதால் விட்டவர்கள் அல்லர். சாப்பிட்ட பிறகு ஒளிந்துகொண்டதால் விட்டவர்கள்.

எங்கள் ஊரில் மரக்கடைகளுக்குக் குறைவில்லை. அப்படி ஒரு கடையில் கணக்கு எழுதும் அண்ணாச்சி ஒருவர் (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்) திங்கட்கிழமை காலையில் முகம் வாடி வந்தார். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீடு, இரவில் புரோட்டா. காலையில் நிறுத்துப் பார்த்தால் இரண்டு கிலோ கூடியிருக்கிறது. “ஒரு மாதம் பாடுபட்டுக் குறைத்ததை ஒரே நாளில் திருப்பி வாங்கிவிட்டேன். என் உடம்பு வாகு அப்படி” என்றார்.

அவரே கணக்கர் என்பதால் கணக்குப் போட்டே காட்டினேன். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால், அன்றாடத் தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். இரண்டு கிலோவுக்கு 15,400. ஒரு புரோட்டா, அளவையும் எண்ணெயையும் பொறுத்து, 250 முதல் 300 கலோரி. அப்படியானால் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் ஐம்பதுக்கும் அதிகமான புரோட்டாக்களை ஒரே நாளில் அவர் சாப்பிட்டிருக்க வேண்டும். “ஆறுதான்” என்றார், கொஞ்சம் சிரித்தபடி.

பிறகு அந்த இரண்டு கிலோ எது? பெரும்பகுதி தண்ணீர். நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கின்றன. ஒரு கிராம் கிளைக்கோஜன் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சோற்றைக் குறைத்த முதல் இரண்டு வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவதற்கு இந்தச் சேமிப்பு கரைவதே முக்கியக் காரணம். விருந்துக்கு மறுநாள் அதே தண்ணீர் திரும்பி வருகிறது. சால்னாவிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் உள்ள உப்பு இன்னும் கொஞ்சம் நீரைத் தேக்குகிறது. குடலில் இருக்கும் உணவின் எடை வேறு. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் பெண்களுக்கு விருந்தே இல்லாமலும் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டால் சில நாட்களில் இது தானாக வடிந்துவிடும். முதல் வாரத்தில் மூன்று கிலோ இறங்கியதைக் கொண்டாடியவர்கள்தான் இந்த ஏற்றத்தைக் கண்டு அதிகம் உடைந்து போகிறார்கள். அப்போது போனதும் இப்போது வந்ததும் பெரும்பாலும் ஒரே தண்ணீர்தான்.

உண்மையான சேதம் அந்த ஞாயிற்றுக்கிழமையில் நடப்பதில்லை. அதற்குப் பிறகு வரும் பத்து நாட்களில் நடக்கிறது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்ற நினைப்பு அப்போதுதான் உள்ளே புகுந்துகொள்கிறது. அமெரிக்காவில் கல்லூரி மாணவியரிடம் நடத்தி 1975-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அழகாகப் படம் பிடித்தது. முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள். பிறகு, சுவை பார்த்துச் சொல்லுங்கள் என்று ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு எதுவும் வைத்துக்கொள்ளாத பெண்கள், மில்க் ஷேக் குடித்திருந்ததால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். எப்போதும் வாயைக் கட்டுகிறவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு ஏற்கெனவே உடைந்துவிட்டது, இனி எதற்குப் பார்க்க வேண்டும் என்ற மனக்கணக்கு.

நம் ஊரில் இந்த மனக்கணக்கோடு பஞ்சாங்கமும் சேர்ந்துகொள்ளும். உடைந்த கட்டுப்பாட்டை உடனே ஒட்டவைக்க யாரும் விரும்புவதில்லை. திங்கட்கிழமை பிறக்க வேண்டும், அஷ்டமி நவமி கழிய வேண்டும், ஆடி போகட்டும், கோயில் கொடை முடியட்டும், தை பிறக்கட்டும். புதன்கிழமை மதியம் பன்னிரண்டரை மணிக்கு யாரும் எதையும் தொடங்குவதில்லை. நான் கேட்பது அதைத்தான். விருந்துக்கு அடுத்த வேளை எதுவோ அந்த வேளையில் வழக்கத்துக்குத் திரும்புங்கள். பட்டினி கிடந்து ஈடுகட்டவும் வேண்டாம். காலை, மதியம் இரண்டையும் தண்டனையாக விட்டவர் இரவு ஒன்பது மணிக்குச் சிப்ஸ் பையைத் தேடிப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். புட்டு வைக்கும் வீடு என்றால் புட்டைப் பாதியாக்கிக் கடலைக்கறியை இரண்டு மடங்கு போட்டுக்கொள்ளுங்கள். இட்லி என்றால் கூட ஒரு முட்டை, அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். சாதாரணமான, கொஞ்சம் சலிப்பூட்டும் ஒரு வேளைச் சாப்பாடு. அது போதும்.

ஒரு நாள் தவறினால் பழக்கமே போய்விடும் என்பதும் மிகைதான். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் செய்து 2009-இல் வெளியான ஆய்வில், புதிய பழக்கம் ஒன்று தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது அந்த வளர்ச்சியைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ‘இருபத்தொரே நாளில் பழக்கம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் உபதேசத்தை நம்பி, இருபத்திரண்டாம் நாள் தன்னையே திட்டிக்கொள்கிறவர்கள் இந்த எண்களைக் கவனிக்கலாம்.

விருந்துச் சறுக்கலைவிடக் கடினமானது இன்னொன்று. எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் எடைக்கருவியின் முள் அசையாத காலம். மூன்றாவது மாதத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் அது வரும்.

கடையநல்லூர்ப் பக்கம் பீடி சுற்றும் அக்கா ஒருவர். மடியில் தட்டை வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே இடத்தில் உட்காரும் வேலை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி என்பதால் எழுந்து நடக்கும் ஒவ்வொரு நிமிடமும் காசு. அப்படியிருந்தும் ஆறு கிலோ குறைத்தார். பிறகு அப்படியே நின்றுவிட்டது. வீட்டில் மாமியார், “இவள் ஒளித்துத் தின்கிறாள்” என்று பேசத் தொடங்கிவிட்டார்.

அவர் ஒளித்துத் தின்னவில்லை. எடை குறைந்த உடம்புக்கு எரிபொருளும் குறைவாகவே தேவை. நேற்றுவரை எடையைக் குறைத்த அதே சாப்பாடு இன்று எடையை அப்படியே நிறுத்தி வைக்கும் சாப்பாடாகிவிடுகிறது. அதோடு பசியும் கூடுகிறது. கொழுப்புச் செல்களிலிருந்து சுரந்து “இருப்பு போதும்” என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994-இல் கண்டுபிடித்தார்கள். எடை குறைந்தால் அதுவும் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது. மெல்போர்னில் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து எடையைக் குறைத்தவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓர் ஆண்டு கழித்தும் அந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் கூடுதலாகவே இருந்தது. மன உறுதி போதாது என்று நாம் பழிக்கும் பல சமயங்களில் உடம்பு தன் பழைய எடையைத் தேடிக்கொண்டிருக்கிறது. இதை விளக்கியதும் அந்த அக்கா, “இதை என் மாமியாரிடமும் நீங்களே சொல்லுங்கள் மேடம்” என்றார். அடுத்த முறை மாமியாரையும் அழைத்து வந்தார். சொன்னேன்.

அவருக்குச் சோற்றை மேலும் குறைக்கவில்லை. பீடி சுற்றும்போது வந்துகொண்டே இருந்த சர்க்கரை போட்ட டீயைப் பார்த்தோம். தாளிக்கும் எண்ணெயைப் பார்த்தோம். தேங்காய் எண்ணெயானாலும் கடலை எண்ணெயானாலும் ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறத்தாழ 120 கலோரி. கண்ணளவில் ஊற்றும் கை அதை உணர்வதில்லை. பயறு, முட்டை, மீனைக் கூட்டினோம். உணவைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது, அதைத் தடுக்கப் புரதமும், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது போன்ற தசைப் பயிற்சியும் வேண்டும். நடையை நான் எல்லோருக்கும் சொல்வேன். ஆனால் நடந்தால் மட்டும் எடை கொட்டிவிடும் என்று யாரிடமும் சொல்வதில்லை. குறைத்த எடையைத் தக்கவைக்கத்தான் நடை அதிகம் உதவுகிறது. முள் அதன்பின்னும் பல வாரம் அசையவில்லை, ஆனால் இடுப்புச் சுற்றளவு குறைந்தது. இந்தியர்களுக்கு இடுப்பு பெண்களில் 80 சென்டிமீட்டருக்கும் ஆண்களில் 90-க்கும் உள்ளே இருப்பது நல்லது. தையல் நாடா ஒன்று போதும், வீட்டிலேயே அளந்துகொள்ளலாம்.

முள்ளை மட்டும் நம்பி ஓடுகிறவர்களுக்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது சென்னையில் தொடங்கிய ஆய்வொன்றை. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டு கவனித்து 2006-இல் வெளியிட்டது அது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது. அவர்களின் எடையில் சொல்லிக்கொள்ளும் மாற்றம் இல்லை. எடைக்கருவி எதுவும் காட்டாத நாட்களிலும் உள்ளே வேலை நடந்திருக்கிறது.

எதற்காகக் குறைக்கிறீர்கள் என்ற கேள்விக்கு வரும் பதிலை வைத்தே ஒருவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார் என்று ஓரளவு ஊகித்துவிடுவேன். “தங்கை கல்யாணத்துக்கு” என்றால் கல்யாணத்தோடு முடிந்தது. “பண்பொழி திருமலைக் கோயில் படியில் நடுவில் உட்காராமல் ஏற வேண்டும்” என்று ஒருவர் சொன்னார். அது நல்ல பதில். எத்தனை படி ஏறியதும் மூச்சு வாங்குகிறது என்று மாதத்துக்கு ஒருமுறை அவரே சோதித்துக்கொள்ளலாம், எடைக்கருவியின் தயவு வேண்டாம்.

வீட்டார் துணையில்லாமல் இது பெரும்பாடுதான். ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் சமைக்கிறவர் ஒரு மாதத்தில் சலித்துவிடுவார், நியாயமும் கூட. பொதுக் குழம்பிலேயே காயைக் கூட்டி எண்ணெயைக் குறைப்பது நடக்கிற காரியம். கூட்டாளிகள் சேர்ந்தால் எல்லாம் கைகூடும் என்றும் சொல்லமாட்டேன். மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தாரையே குழுக்களாக்கி நடத்திய பெரிய முயற்சியின் முடிவுகள் 2018-இல் வந்தன. காய்கறி, பழம் உண்பதிலும் மதுப் பழக்கத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் சர்க்கரை நோய் வருவது உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. ஆனாலும், விருந்து முடிந்த மறுநாள் “வா, நடக்கப் போவோம்” என்று வாசலில் வந்து நிற்க ஒரு மைனியோ மச்சானோ இருந்தால் ஒளிந்துகொள்வது கொஞ்சம் கடினம்.

எடை குறைக்கும் ஊசியைப் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. இந்த வகை ஊசிகள் எடையைக் குறைப்பது உண்மை, தேவைப்படுகிறவர்கள் மருத்துவர் சொன்னால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இதே வகையைச் சேர்ந்த செமாக்ளுடைடை நிறுத்தியவர்கள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றதாக 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஊசி போட்டவர்களையும் பழைய பசி விட்டுவைப்பதில்லை.

சில சறுக்கல்கள் சறுக்கலே அல்ல, நோயின் அறிகுறி. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், சில வலிப்பு மருந்துகள், இன்சுலின் போன்றவற்றாலும் எடை ஏறலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும், முதலில் மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். முயற்சியே இல்லாமல் எடை இறங்கினாலும், அடிக்கடி கட்டுக்கடங்காமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கத் தோன்றினாலும் தாமதிக்காமல் காட்டுங்கள். முழுக்க மூலிகை என்று விற்கும் மெலியும் பொடிகளிடம் எச்சரிக்கை தேவை. இதயத்துக்குக் கேடு என்று இந்தியா 2011-இல் நிறுத்திய சிபுட்ரமின் என்ற மருந்து, உலகின் பல இடங்களில் இப்படிப்பட்ட பொடிகளிலும் மாத்திரைகளிலும் கலந்திருந்து பிடிபட்டிருக்கிறது. எல்லைக்கு எந்தப் பக்கம் வாங்கியதாக இருந்தாலும் டப்பாவை அப்படியே பையில் போட்டு எடுத்து வாருங்கள். எடை கூடியிருந்தாலும் வாருங்கள், எடைக்கருவியில் பிறகு ஏறிக்கொள்ளலாம்.