வலிப்புக்குக் கஞ்சா எண்ணெய்: பெற்றோர் அறிய வேண்டியவை

எந்த மருந்துக்கும் கட்டுப்படாத வலிப்புள்ள குழந்தைகளின் பெற்றோர் பலர் இப்போது இணையத்தில் வாங்கிய சிறு எண்ணெய்ப் புட்டியோடு என்னிடம் வருகிறார்கள். "கஞ்சாச் செடியிலிருந்து எடுத்ததாம், அமெரிக்காவில் அனுமதித்திருக்கிறார்களாம், கொடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். அனுமதி கிடைத்தது உண்மைதான். ஆனால் அனுமதி பெற்ற மருந்தும் அந்தப் புட்டியில் இருப்பதும் பெரும்பாலும் ஒன்றல்ல.

கஞ்சாச் செடியில் கன்னாபினாய்டுகள் எனப்படும் வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் உள்ளன. போதை தருவது டிஎச்சி; சிபிடி எனப்படும் கன்னாபிடயாலுக்கு அந்தக் குணம் இல்லை. இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலம் 1963இல் சிபிடியின் மூலக்கூறு அமைப்பையும், அடுத்த ஆண்டு தம் சக ஆய்வாளருடன் சேர்ந்து டிஎச்சியின் அமைப்பையும் கண்டறிந்தார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஐரிஷ் மருத்துவர் ஓஷாக்னெஸி, கைக்குழந்தை ஒன்றின் வலிப்புக்குக் கஞ்சாச் சாற்றைக் கொடுத்துப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். ஆகவே இந்த எண்ணம் நம் மண்ணுக்குப் புதிதன்று. முறையான சான்று கிடைத்ததுதான் புதிது.

அந்தச் சான்றுகளில் முக்கியமானது 2017இல் வெளியான ஓர் ஆய்வு. டிராவெட் நோய்க்குறி உள்ள 120 குழந்தைகளும் இளையோரும் அதில் பங்கேற்றனர். பெரும்பாலும் எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவின் பழுதால் வரும் இந்நோயில், காய்ச்சலும் வெந்நீர்க் குளியலும்கூட நீண்ட வலிப்பைத் தூண்டிவிடும். சிபிடி பெற்றவர்களுக்கு மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பின் இடைநிலை எண்ணிக்கை 5.9 ஆகக் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மருந்து (மருந்துப்பொருள் இல்லாத போலித் திரவம்) பெற்றவர்களுக்கு 14.9இலிருந்து 14.1 ஆனது. இது பெரிய ஆறுதல், ஆனால் முழுக் குணமன்று. பங்கேற்றவர்கள் தங்கள் பழைய மருந்துகளையும் தொடர்ந்தார்கள் என்பதைப் பெற்றோர் மறந்துவிடக் கூடாது. 2018இல் டிராவெட் நோய்க்குறிக்கும், குழந்தைப் பருவத்தில் தொடங்கும் இன்னொரு கடும் வலிப்பு நோயான லெனாக்ஸ்-கஸ்டாட் நோய்க்குறிக்கும், 2020இல் மூளை உள்ளிட்ட உறுப்புகளில் கட்டிகள் வளரும் டியூபரஸ் ஸ்கிலிரோசிஸ் என்ற மரபணு நோயால் வரும் வலிப்புக்கும் தூய்மையாக்கப்பட்ட சிபிடி திரவ மருந்துக்கு அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது.

அந்த ஆய்வில் கொடுத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 300 மில்லிகிராம் ஆகும். 'ஆயிரம் மில்லிகிராம்' என்று எழுதிய புட்டி மூன்று நாளைக்குச் சற்று மேல்தான் வரும். எழுதியதுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கும் உறுதியில்லை. இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருள்களை அமெரிக்காவில் சோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒன்றில்தான் குறிப்பிட்ட அளவு சரியாக இருந்தது; 18 பொருள்களில் டிஎச்சி கலந்திருந்தது. வளரும் மூளைக்கு டிஎச்சி தீங்கு செய்யும் என்பதால், இதை நான் மிகவும் கவலைக்குரியதாகக் கருதுகிறேன்.

சணல் விதை எண்ணெய் என்ற பெயரில் விற்கும் கஞ்சா விதை எண்ணெய் இன்னொரு குழப்பம். அதை 2021இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உணவாக அனுமதித்தது. அதில் சிபிடி அநேகமாக இல்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவின் பூவையும் பிசினையும் தடை செய்து, தனியே பறித்த இலையை அந்த வரையறைக்கு வெளியே விட்டதால், இலையிலிருந்து செய்த ஆயுர்வேத மருந்துகளும் கிடைக்கின்றன. அவற்றை ஆய்வில் பயன்பட்ட தூய சிபிடிக்கு ஈடாகக் கொள்ள முடியாது.

எண்ணெயைத் தேடுவதற்கு முன் நோயின் வகையைச் சரியாகக் கண்டறிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். டிராவெட் நோயில் கார்பமசெபின், லாமோட்ரிஜின் போன்ற வழக்கமான மாத்திரைகளே வலிப்பை மோசமாக்கக்கூடும். அத்தகைய மாத்திரையை மருத்துவர் மாற்றுவதால் மட்டுமே தேறும் குழந்தைகளும் உண்டு.

பிற பயன்களில், கீமோதெரபியால் வரும் வாந்திக்கும், நரம்புகளின் உறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் நோயின் தசை இறுக்கத்துக்கும் கன்னாபினாய்டு மருந்துகள் சில நாடுகளில் அனுமதிக்கப்பட்டுள்ளன. புற்றுநோயையே இது குணமாக்கும் என்ற பேச்சுக்கு மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் ஆதாரமில்லை.

ஏற்கெனவே எண்ணெய் கொடுத்துவருபவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். புட்டியையே எடுத்து வாருங்கள். குளோபசாம் என்ற வலிப்பு மருந்துடன் சேரும்போது, அம்மருந்து உடலில் சிதைந்து உண்டாகும் விளைபொருளைச் சிபிடி ரத்தத்தில் கூட்டிக் குழந்தையை அளவுக்கு மீறி உறங்கவைக்கும். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்துடன் சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் உயரக்கூடும். அதனால் தொடங்குமுன்னும், பின்னர் 1, 3, 6 மாதங்களிலும் கல்லீரல் ரத்தப் பரிசோதனை தேவை. கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால் மருந்து பல மடங்கு அதிகமாக உறிஞ்சப்படும் என்பதால், நாள்தோறும் ஒரே விதமாகக் கொடுங்கள். நிறுத்த விரும்பினாலும் மருத்துவர் சொல்லும்படி அளவைப் படிப்படியாகக் குறையுங்கள். எந்த வலிப்பு மருந்தையும் திடீரென நிறுத்தினால் இடைவிடாத வலிப்பு வரக்கூடும்.