டெல்லியில் இறங்கும் பெட்டி கோயமுத்தூர் வந்து சேருவது எப்படி?

“பிராங்க்பர்ட்ல பெட்டி போடறப்பவே கோயமுத்தூருக்கு டேக் ஒட்டிக் குடுத்துட்டாங்க. டெல்லியில மாறி ஏற ரெண்டு மணி பத்து நிமிசந்தான் இருக்குதுங்க. பெட்டிய அங்க நாமளே எடுக்கோணுங்களா, இல்ல அதுவா வந்துருமுங்களா?” என்று திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பனியன் ஏற்றுமதியில் இருப்பவர். சாம்பிள் பீஸ் நிறைந்த பெட்டியோடு ஜெர்மனி போய் வருகிறவர்.

எடுக்கத்தான் வேண்டும். டேக்கில் கோயமுத்தூரைக் குறிக்கும் ‘சிஜேபி’ இருந்தாலும், வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டி பெரும்பாலும் இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே சுங்கத்தைத் தாண்டியாக வேண்டும். பெட்டியில் என்ன இருக்கிறது என்று அதன் உரிமையாளர்தான் அதிகாரியிடம் சொல்ல வேண்டும் என்கிறது 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், பிரிவு 77. உள்நாட்டு விமானத்தில் வந்தவர் பீளமேட்டில் இறங்கி, பெல்ட்டில் பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக வெளியே போய்விடுவார். வழியில் சுங்க அதிகாரி யாரும் நிற்க மாட்டார். அதனால் அந்த வேலை டெல்லியிலேயே முடிய வேண்டும். சில விமானங்களுக்கு விதிவிலக்கு உண்டு. உங்களுடையது அதில் சேருமா என்பதைப் பெட்டி போடும் கவுண்டரிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது அந்த இரண்டு மணி பத்து நிமிடத்தைப் பார்ப்போம். உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி வாங்குவதை, புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே பொதுவாக நிறுத்திவிடுவார்கள். ஆக, பெட்டிக்கு மிஞ்சுவது எழுபது நிமிடம். குடியேற்ற வரிசை, பெல்ட், சுங்கம் மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும். விமானம் அரை மணி தாமதமானால் நாற்பதுதான். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்றை வகுத்திருக்கிறார்கள். ஒரே டிக்கெட்டாக வாங்கினால் அதற்குக் கீழே விற்க மாட்டார்கள், விமானத்தைத் தவறவிட்டாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. மலிவாக இருக்கிறதென்று இரண்டு டிக்கெட்டாகப் போட்டால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. உள்நாட்டுப் பயணத்துக்கு வழக்கமான 15 கிலோவைத் தாண்டிய எடைக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டிவரும்.

என்னைக் கவர்ந்த விஷயம் அந்த டேக்கில் இருக்கிறது. சுங்கத்தைத் தாண்டியதும் மாற்றுப்பெட்டி கவுண்டரில் பெட்டியைக் கொடுத்தால், டேக்கை ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டு பெல்ட்டில் தள்ளிவிடுகிறார்கள். சில நொடி வேலை. புது டேக் எதுவும் வேண்டியதில்லை. காரணம், பார்கோடில் இருக்கும் பத்து இலக்க எண்.

முதல் இலக்கம் பெட்டியின் வகை. அடுத்த மூன்றும் விமான நிறுவனம்: ஏர் இந்தியாவுக்கு 098, இண்டிகோவுக்கு 312, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618. மிச்சம் ஆறும் வரிசை எண். கோயமுத்தூர் என்ற செய்தி இந்தப் பத்தில் எங்குமே இல்லை! நாமக்கல் லாரியின் நம்பர் பிளேட்டைப் பார்த்து அது எந்த ஊருக்குச் சரக்கு ஏற்றுகிறது என்று சொல்ல முடியாது, புக்கிங் ஆபீஸ் பதிவேட்டில்தான் அது இருக்கும். இங்கேயும் அப்படியே. பெட்டி போட்ட நிமிடமே ‘இந்த எண், இந்தப் பயணி, இந்த விமானங்கள்’ என்று ஒரு கணினிச் செய்தி வழியிலுள்ள விமான நிலையங்களுக்குப் போய்விடுகிறது. உங்கள் விமானம் மாறினால் செய்தியைத் திருத்தினால் போதும், டேக்கைத் தொட வேண்டாம். டெல்லி பெல்ட்டில் எடுத்த வேகத்தில் டேக்கைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

சரி, பெல்ட்டில் குப்புறவும் மல்லாக்கவும் ஓடும் பெட்டியில் கசங்கிக் கிடக்கும் டேக்கை ஸ்கேனர் எப்படிப் பிழையில்லாமல் படிக்கிறது? ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஐந்து கோடுகள். அவற்றில் எப்போதும் இரண்டு தடிமன், மூன்று மெல்லியவை. ஐந்தில் இரண்டைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழி? பதினொன்றாம் வகுப்புக் கணக்குதான்: ஐந்து பெருக்கல் நான்கு, வகுத்தல் இரண்டு. பத்து! 0 முதல் 9 வரைக்கும் கூடாமல் குறையாமல் கச்சிதமாகப் பத்து வழிகள்.

இன்னும் அழகு இருக்கிறது. ஐந்து இடங்களுக்கும் 1, 2, 4, 7, 0 என்று மதிப்பு வையுங்கள். தடித்த கோடுகள் நிற்கும் இடங்களின் மதிப்பைக் கூட்டினால் இலக்கம் கிடைத்துவிடும். முதலிரண்டு கோடுகள் தடித்திருந்தால் 1, 2 கூட்டி 3. முதலாவதும் நான்காவதும் என்றால் 8. நாலும் ஏழும் சேர்ந்தால் வரும் 11-ஐ மட்டும் 0 என்று வைத்துக்கொண்டார்கள். கோடுகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளிகளையும் வீணாக்கவில்லை. கறுப்புக் கோடுகள் ஒரு இலக்கம் என்றால், அவற்றோடு பின்னிக்கிடக்கும் ஐந்து இடைவெளிகள் அகலமும் குறுகலுமாக அடுத்த இலக்கம். 38 என்று எழுத 3-ஐக் கறுப்பிலும் 8-ஐ வெள்ளையிலும் எழுதினால் முடிந்தது. பத்து இலக்கத்துக்கு ஐந்து ஜோடிகள் போதும்.

இப்போது டேக்கில் ஒரு மடிப்பு விழுந்து, மெல்லிய கோடு ஒன்று தடிமனாகத் தெரிகிறது என்று வையுங்கள். தடித்தவை மூன்றாகிவிடும். தடித்த கோடு ஒன்று தேய்ந்தால் ஒன்றுதான் மிஞ்சும். இரண்டும் எந்த இலக்கத்துக்கும் பொருந்தாது என்பதால் ஸ்கேனர் உடனே மறுத்துவிடும். 0, 1 இரண்டை மட்டுமே வைத்து எழுதும் வழக்கமான இரும எண்ணில் இது நடக்காது. அங்கே 8 என்பது 1000, கடைசி இலக்கம் ஒன்று பிசகினால் 1001, அதாவது 9. அதுவும் செல்லுபடியாகும் எண்தான், எனவே பிழை யாருக்கும் தெரியாமல் போய்விடும். படிக்க முடியாத பெட்டி ஓரமாகத் திரும்பி ஓர் ஊழியரின் கைக்கு வரும், சில நிமிடம்தான் நஷ்டம். தப்பாகப் படித்த பெட்டியோ கவுகாத்தி விமானத்தில் ஏறிவிடும்.

‘ஐந்தில் இரண்டு’ என்ற இந்த உத்தி பார்கோடுக்காகப் பிறந்ததில்லை. தொலைபேசி இணைப்பகங்களிலும் பழைய கணினிகளிலும் பிழை கண்டுபிடிக்கவே இதைப் பயன்படுத்தினார்கள். ‘இதனால் உடனே என்ன பயன்?’ என்று கேட்டுக் கேட்டே கணித ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் நம் வழக்கம் தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இத்தனை பொறியியல் கல்லூரிகள் உள்ள கோவையில் குறியீட்டுக் கணிதத்துக்கென்று நல்ல நிதியோடு ஒரு ஆய்வுக்குழு இயங்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாடு கிளம்பும் வீடுகளில் இன்னும் சூலம் பார்க்கிறோம். வெள்ளி, ஞாயிறு மேற்கே ஆகாது என்று நாளை மாற்றி, அதனாலேயே இடைவெளி குறைந்த டிக்கெட்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து சூலத்தை விட்டுவிட்டு இடைவெளியைப் பாருங்கள். கைப்பிடியில் கட்டிய மஞ்சள் துணியின் தொங்கும் முனை பெல்ட் இணைப்பில் சிக்கும். பழைய பயணத்தின் குட்டி பார்கோடு ஸ்டிக்கர்கள் ஸ்கேனரைக் குழப்பும். இரண்டையும் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.

நீங்கள் விமானத்தைத் தவறவிட்டால் பெட்டி மட்டும் முன்னால் போகாது. 1985 ஜூன் 23-இல் 329 உயிர்களைப் பறித்த ஏர் இந்தியா கனிஷ்கா விமானத்தில் வெடித்த குண்டு, ஏறாத பயணி ஒருவரின் பெயரில் வான்கூவரிலிருந்து மாற்றி ஏற்றப்பட்ட பெட்டியில் இருந்தது. ஏறாதவரின் பெட்டியை இறக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்ற விதி கண்டிப்பானது அதன் பிறகுதான்.

நீங்கள் ஏறி, பெட்டி தங்கிவிட்டால் நிலைமை வேறு. அதன் எண் கணினியில் இருக்கிறது, அடுத்த விமானத்தில் வந்துவிடும். உலக அளவில் 2007-இல் ஆயிரம் பயணிகளுக்கு 18.88 பெட்டிகள் தவறின, 2024-இல் அது 6.3. இன்றும் தவறுபவற்றில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, விமானம் மாறும் இடத்தில்தான் தவறுகின்றன. டெல்லி பெல்ட்டிலேயே பெட்டி வரவில்லையென்றால், கோயமுத்தூர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடாதீர்கள். பெல்ட் பக்கத்துக் கவுண்டரில் புகார் எழுதி அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டி தாமதமாகக் கைக்கு வந்தால், அன்றிலிருந்து 21 நாளுக்குள் இழப்பீடு கேட்டு எழுத்தில் கொடுக்கலாம். பன்னாட்டு விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி இப்போதைய உச்சவரம்பு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 டாலர். சாம்பிள் பீஸின் மதிப்பு அதற்கு மேல் என்றால், பெட்டி போடும்போதே மதிப்பைத் தனியாக அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டலாம்.