ஸ்கிரீன் வரலைன்னா உடனே ஃபார்மட் போட்றாதீங்க

நான் சேலத்துல அஞ்சு ரோடு பக்கம் சிஸ்டம் சர்வீஸ் பண்றேன். போன மழைக்கு ஏற்காட்டுல ஒரு காப்பித் தோட்டத்துல கணக்கு எழுதுற ரைட்டர் அண்ணன் போன் பண்ணாரு, இடி இடிச்சு மானிட்டர் போயிடுச்சு தம்பி, குடோன்ல கெடந்த பழைய 17 இன்ச் சதுர மானிட்டரை மாட்டுனா 'அவுட் ஆஃப் ரேஞ்ச்'னு மட்டும் வருது, இன்னொருத்தர்கிட்ட கேட்டா எல்லாத்தையும் அழிச்சுட்டு ஃபார்மட் போடறதுதான் வழின்னுட்டாரு, பறிப்புக் கூலி கணக்கு பூரா அதுலதான் இருக்குன்னு சொல்றப்பவே குரல் கம்மிடுச்சு.

கேப்ஸ் லாக் அமுக்குங்கண்ணே, லைட்டு எரிஞ்சு அணையுதான்னு கேட்டேன். எரியுதுன்னாரு. அப்ப சிஸ்டம் ஓடிட்டுதான் இருக்கு, கணக்கு எங்கயும் போகல, எதையும் தொடாதீங்கன்னு சொல்லிட்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன்.

அது விண்டோஸ் இல்ல, லினக்ஸ் போட்ட மெஷின். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேத்து அமுக்குனதும் கருப்புத் திரையில லாகின் கேட்டுச்சு. உள்ள போய் பாத்தா, 'ஈடிசி'க்குள்ள 'எக்ஸ்11' ஃபோல்டர்ல 'எக்ஸ்ஆர்க் டாட் கான்ஃப்'னு ஸ்கிரீன் செட்டிங் வெக்கிற ஒரு ஃபைல்ல முன்னாடி யாரோ 1920க்கு 1080 புள்ளி, 75 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 75 தடவை படம் புதுசாகும்)னு கையால எழுதி வெச்சிருக்காங்க, சதுர மானிட்டர் 1280க்கு 1024தான் தாங்கும், அது பாவம் என்ன பண்ணும். ஃபைலை அழிக்கல, 'எம்வி' கமாண்ட்ல பேரை மட்டும் மாத்திட்டு ரீஸ்டார்ட் பண்ணேன். இப்ப வர்ற லினக்ஸுக்கு பெரும்பாலும் அந்த ஃபைலே வேண்டாங்க, மானிட்டர்கிட்டயே கேட்டு அளவை எடுத்துக்கும்.

டெஸ்க்டாப் வந்துடுச்சு, ஆனா 1024க்கு 768லயே நிக்குது, எழுத்தெல்லாம் இழுத்த மாதிரி தெரியுது. மானிட்டரை சிஸ்டத்தோட இணைக்கிற விஜிஏ கேபிளைக் கழட்டிப் பாத்தா மலைப் பனிக்கு முனையெல்லாம் பச்சை பூத்திருக்கு, 15 பின்னுல 12ம் 15ம்தான் மானிட்டரோட அளவைச் சொல்ற பின், அதுல 12 மடங்கிக் கெடக்கு. வேற கேபிள் மாட்டுனதும் சரியாயிடுச்சு, அண்ணன் உக்காந்து கூலிக் கணக்கைத் திறந்து ஒவ்வொரு மாசமா பாத்துட்டுதான் எந்திரிச்சாரு. நானும் பென்டிரைவ்ல ஒரு காப்பி எடுத்துக் குடுத்துட்டு வந்தேன்.

விண்டோஸ் வெச்சிருக்கவங்க ஸ்கிரீன் கருப்பானா விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) நாலையும் சேத்து அமுக்கிப் பாருங்க, ஸ்கிரீனுக்குப் படம் அனுப்புற டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் மறுபடி ஸ்டார்ட் ஆகும். ரெசல்யூஷன், அதாவது ஸ்கிரீன் அளவை மாத்தி படம் காணாம போச்சுன்னா 15 செகண்டு சும்மா இருங்க, பழைய செட்டிங்குக்கு தானாவே திரும்பிடும், அந்த நேரத்துல பதட்டத்துல எதையாவது தட்டிட்டுதான் நெறைய பேரு கடைக்குத் தூக்கிட்டு வர்றாங்க.