பால் கொடுக்கும் தாயின் எலும்பு கரைகிறதா?

“குழந்தைக்கு நாலு மாதம். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். ‘பிள்ளை உன் எலும்பை உறிஞ்சுது, சீக்கிரம் பால் மறக்கடி’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். நான்தான் தினமும் கால்சியம் மாத்திரை போடுகிறேனே, அப்புறம் எப்படிக் கரையும்?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

பெரியவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. எலும்பு கரையத்தான் செய்கிறது. மாத்திரை போட்டாலும் கரைகிறது. ஆனால் அதற்காகப் பால் மறக்கடிக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வளர்ந்தவர் உடம்பில் ஏறக்குறைய 1 கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். பிறக்கும் குழந்தையின் உடம்பில் இருப்பது சுமார் 30 கிராம். அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் போய்ச் சேர்கிறது. அப்போது நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் வரை நஞ்சுக்கொடி வழியாகப் போகும். இதைத் தாயின் குடல் சமாளித்துவிடுகிறது. கர்ப்பத்தின்போது வைட்டமின் டி-யின் செயல்படும் வடிவம் ரத்தத்தில் இரண்டு மடங்குக்கு மேல் கூடுவதால், அதே ஒரு தம்ளர் பாலிலிருந்து குடல் இரண்டு மடங்கு கால்சியத்தை உறிஞ்சிக்கொள்கிறது. குழந்தைக்குத் தேவை வருவதற்குப் பல வாரம் முன்பே, மூன்றாம் மாதத்துக்குள்ளேயே, இந்த ஏற்பாடு தொடங்கிவிடும். ஓரளவு நன்றாகச் சாப்பிடும் தாயின் எலும்பில் பெரிதாகக் கைவைக்க வேண்டியிருக்காது.

பிரசவம் ஆனதும் குடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் குழந்தை தினமும் முக்கால் லிட்டர் அளவுக்குப் பால் குடிக்கிறது. குறைந்தது 200 மில்லிகிராம் கால்சியம் அதோடு போகிறது. ஆறு மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்: 36 கிராம். வயிற்றில் இருந்த காலம் முழுக்க எடுத்துக்கொண்டதைவிட அதிகம்! சிறுநீரகம் கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறது. மீதியில் பெரும்பகுதி எலும்பிலிருந்து வர வேண்டும்.

எலும்பைக் கரைக்கச் சொல்லும் உத்தரவு எங்கிருந்து போகிறது தெரியுமா? மார்பகத்திலிருந்தே. பால் சுரக்கும் செல்கள் பி.டி.எச்.ஆர்.பி. என்ற ஹார்மோனைத் தயாரித்து ரத்தத்தில் விடுகின்றன. அது எலும்புக்குப் போய்க் கால்சியத்தை வெளியே எடுக்கச் சொல்கிறது. குழந்தை சப்பச் சப்ப, பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கூடும், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும். எலும்பு கரையாமல் பிடித்து வைத்திருக்கும் பிரேக் ஈஸ்ட்ரோஜன்தான். ஒரு பக்கம் பிரேக் தளர்கிறது, மறுபக்கம் உத்தரவு வருகிறது. போதாததற்கு, அந்த மார்பகச் செல்களின் மேல் கால்சியத்தை அளக்கும் உணர்வியும் இருக்கிறது. ரத்தத்தில் வந்து சேர்வது குறைந்தால் உத்தரவு பலக்கும், வரத்து கூடினால் தணியும்.

இதெல்லாம் எலும்புக்குள் எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். எலும்பு என்றால் செத்த சுண்ணாம்புத் தூண் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்குள் ஆஸ்டியோசைட் என்னும் செல்கள் ஏறக்குறைய 4,200 கோடி உயிரோடு இருக்கின்றன. ஒவ்வொன்றும் கெட்டியான எலும்பின் நடுவே தனித்தனி சின்னக் குழிக்குள் அடைந்திருக்கும். அங்கிருந்து மெல்லிய இழைகளை நீட்டி, முடியைவிட நுண்ணிய கால்வாய்கள் வழியாக அக்கம்பக்கத்துச் செல்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளும். பால் கொடுக்கும் எலிகளின் எலும்பை நுண்ணோக்கியில் பார்த்தபோது, இந்தக் குழிகள் வழக்கத்தைவிடப் பெரிதாகியிருந்தன. செல் அமிலத்தைச் சுரந்து, தான் குடியிருக்கும் அறையின் சுவரையே சுரண்டிக் கால்சியத்தை ரத்தத்துக்கு அனுப்பியிருக்கிறது. பால் நின்று ஒரு வாரத்தில் குழிகள் பழைய அளவுக்குச் சுருங்கிவிட்டன. அதே செல் அதே சுவரை மறுபடி பூசியிருக்கிறது. வழக்கமாக எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களும் இந்தச் சமயத்தில் வேலை செய்யும்தான். ஆனால் இந்த வீட்டுச்சுவர்க் காரியத்தைப் போல் எனக்குப் பிடித்தது உடலியலில் வேறில்லை.

மாத்திரை ஏன் தடுக்கவில்லை என்பது இப்போது புரியும். உத்தரவு புறப்படுவதும் பிரேக் தளர்வதும் பால் கொடுப்பதால்தான், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தல்ல; மாத்திரையால் உத்தரவு கொஞ்சம் தணியலாம், நிற்காது. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், பால் கொடுக்கும் தாய்மார்களில் ஒரு பிரிவினருக்குத் தினமும் 1 கிராம் கால்சியம் கொடுத்தார்கள். அவர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி 4.2 சதவீதம் குறைந்தது; வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 4.9 சதவீதம். அவ்வளவுதான் வித்தியாசம். பால் மறக்கடித்த பிறகு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் பெரும்பாலானவர்களுக்குப் போனது திரும்பி வந்துவிடும்.

பி.டி.எச்.ஆர்.பி. எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். சில புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் கால்சியம் ஏன் தாறுமாறாக ஏறுகிறது என்று தேடிக்கொண்டிருந்தவர்கள் 1987இல் அதைக் கண்டுபிடித்தார்கள். தாய்ப்பாலோடு அதற்குத் தொடர்பு இருப்பது பின்னால்தான் தெரியவந்தது. 2024இல் கலிஃபோர்னியாவில் ஒரு குழு, பால் கொடுக்கும் எலிகளின் மூளை சிசிஎன்3 என்ற ஹார்மோனைச் சுரந்து எலும்பைக் கட்டுவதாகக் கண்டறிந்தது. ஒரு பக்கம் கரைத்துக்கொண்டே மறுபக்கம் கட்டுகின்றன தாய் எலிகள்! மனித இனம் முழுக்கக் குடித்து வளர்ந்த பாலைப் பற்றிய இவ்வளவு அடிப்படையான விஷயம் இத்தனை தாமதமாகத் தெரியவருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெண்ணுடல் பற்றிய ஆராய்ச்சிக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

“ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பல் போகும்” என்பார்களே, அது உண்மையில்லை. பல் எனாமலில் கால்சியத்தைத் திரும்ப எடுக்கும் செல்லே கிடையாது. கர்ப்பத்தில் ஈறு வீங்குவதும், வாந்தியோடு வரும் அமிலம் பல்லை அரிப்பதும்தான் நிஜமான தொந்தரவு.

சரி, எப்படியும் எலும்பு பார்த்துக்கொள்ளும் என்றால் சாப்பாடு எதற்கு? கால்சியத்துக்கு இருக்கும் இந்தக் கிடங்கு எல்லாச் சத்துக்கும் இல்லை. அயோடின், பி1, பி12 எல்லாம் தாயின் தட்டில் நெடுநாள் குறைந்தால் பாலிலும் குறைந்துவிடும். பால், முட்டை, மீன் எதுவுமே தொடாத தாய் பி12-ஐ மாத்திரையாக எடுத்தே ஆக வேண்டும். பிள்ளை பெற்றவளிடம் போய் முட்டை ஆகாது, பழம் ஆகாது என்று பட்டியல் போட்டுப் பட்டினி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவள் தட்டிலிருந்து எடுத்தது குழந்தையின் வாயிலிருந்து எடுத்ததுதான்.

கால்சியம் நாளுக்கு 1,000 மில்லிகிராம் போதும். ஒரு தம்ளர் பாலில் அதில் கால் பங்குக்கு மேல் கிடைக்கும், தயிரும் நல்லதுதான். பசலைக்கீரையை மட்டும் நம்ப வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்வதால் இருபதில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும்.

கேள்வி கேட்ட வாசகிக்கு: திடீரென்று முதுகில் தாங்க முடியாத வலி வந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள். அபூர்வமாகச் சிலருக்கு இந்தக் காலத்தில் முதுகெலும்பு முறிவதுண்டு. மற்றபடி நிம்மதியாகப் பால் கொடுங்கள். அந்த 1997 ஆய்வில், பால் மறக்கடித்த பிறகு கால்சியம் எடுத்துக்கொண்டவர்களுக்கு எலும்பு சற்றுக் கூடுதலாகவே ஏறியது. பெரும்பாலான வீடுகளில் தாய் சாப்பிட்டாளா என்று கேட்பதை நிறுத்துவதும் அந்தச் சமயத்தில்தான். அப்போதும் உங்கள் தம்ளர் பாலை விட்டுவிடாதீர்கள்.